எண்ணூர் ஆழியை இரவு முழுக்க ஊறவைத்தால் ரசாயனம் போய்விடுமா?

தேரடித்தம்பி:

வணக்கம். நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு ஒரு ஆயா கூடையில் மஞ்சள் ஆழி (ஆழி என்றால் எங்கள் பக்கம் மட்டி, சிப்பி வகை) கொண்டு வருவார். கிடைக்கிற நாளில் பச்சை ஆழியும் இருக்கும். எடையெல்லாம் போடுவதில்லை, கூறு கணக்குதான். எண்ணூர் ஆற்றில் கையால் தடவி எடுத்தது என்று அவரே சொல்வார். அம்மா அவரிடம் வருஷக்கணக்கில் வாங்குகிறார்.

இப்போது அக்கா ஐந்தாவது மாதம். எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆழியில் இரும்புச்சத்து நிறைய என்று யாரோ சொல்லப்போய், அம்மா வாரம் இரண்டு முறை ஆழி தொக்கு செய்து கொடுக்கிறார். அக்காவுக்கும் அது மட்டும்தான் குமட்டாமல் இறங்குகிறது.

எண்ணூரில் எடுக்கும் ஆழி, நண்டு, இறாலில் ஈயம், காட்மியம் எல்லாம் இருக்கிறது என்று பத்திரிகையில் படித்தேன். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அம்மாவிடம் சொன்னால், "இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கிறேன், இரண்டு முறை தண்ணீர் மாற்றுகிறேன், மஞ்சள் போட்டு வேகவைக்கிறேன், அப்புறம் என்ன இருக்கும்?" என்கிறார். மாமாவோ, "நாங்கள் சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்தது, எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்கிறார்.

ஊறவைத்தால், கொதிக்கவைத்தால் அந்த ரசாயனம் போகுமா? அக்கா சாப்பிடலாமா? மீனும் இதே கணக்கில்தான் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சமையல்கட்டு:

பயப்படாதீங்க தம்பி. உயிரோடு இருக்கும் ஆழியை உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு ஓரமாக இருட்டில் வைத்தால் ஓடு திறந்து சேற்றையெல்லாம் துப்பிவிடும். தண்ணீரை மாற்றி இன்னும் சில மணி நேரம் விடுங்கள். வேகவைக்கும்போது வாய் திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நன்றாகக் கொதித்தால் எந்தக் கிருமியும் தாங்காது. நான் இதற்கு மேல் கொஞ்சம் எலுமிச்சையும் பிழிவேன். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஆய்வகத்து அக்கா:

தம்பி, ஏற்றுமதிக்குப் போகும் கடலுணவைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. கொச்சியில் தொடங்கி இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். சிப்பியைப் பிளந்து, சதையை எடுத்து உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று அளப்பது என் அன்றாட வேலை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊறவைத்தால் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. அக்காவுக்கு எண்ணூர் ஆழி இப்போதைக்கு வேண்டாம். அம்மாவிடம் எடுத்துச் சொல்ல உதவும் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சமையல்கட்டு சொன்ன முறை மணலுக்கு நல்ல முறை. குடலில் இருக்கும் கிருமிகளில் ஒரு பகுதியும் அதில் வெளியேறும். ஐரோப்பாவில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள்: புற ஊதா விளக்கில் சுத்தப்படுத்திய கடல்நீர்த் தொட்டியில் ஒன்றிரண்டு நாள் சிப்பிகளை விட்டுவைத்து, அப்புறம்தான் விற்பனைக்கு அனுப்புவார்கள். குடலுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும். உலோகம் குடலோடு நிற்பதில்லை, சதைக்குள் போய்விடுகிறது. சிக்கலே அங்கேதான்.

ஆழிக்கு மீன் மாதிரி இரை தேடிப் போகும் வேலை இல்லை. ஒரே இடத்தில் கிடந்து, செவுள் வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்கிறது. வளர்ந்த பச்சை ஆழி ஒன்று மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை இப்படி ஓட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகம் செவுள் வழியாகவும், சேற்றுத் துகளிலும் பாசியிலும் ஒட்டியிருப்பது இரைப்பை வழியாகவும் உள்ளே போகிறது. இரவு பகலாக இது நடப்பதால், தண்ணீரில் கருவிக்கே சரியாக எட்டாத அளவில் இருக்கும் ஒரு உலோகம் சதையில் ஆயிரம் மடங்கு, சிலது லட்சம் மடங்கு வரை ஏறி நிற்கும்.

ஆழியைப் பிளந்தால் நடுவில் கரும்பச்சையாக ஒரு கட்டி தெரியும் இல்லையா? அதுதான் செரிமானச் சுரப்பி. காட்மியம் அதிகமாகச் சேருவது அங்கேயும் சிறுநீரகத்திலும்தான். காட்மியம் உள்ளே வந்ததும் அந்த உயிர் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைச் சுரந்து அதைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடுகிறது. அப்படிக் கட்டுவதால்தான் ஆழி சாகாமல் பிழைக்கிறது. கட்டிய உலோகம் உடம்பை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும், சில இனங்களில் அதற்கும் மேலே. அதை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீர் என்ன செய்துவிடும்?

வெள்ளைக்காரர்கள் விசிறிச் சிப்பி (ஸ்கேலாப்) சாப்பிடும்போது பெரும்பாலும் ஓட்டை மூடித் திறக்கும் அந்த வெள்ளைத் தசையை மட்டும் எடுத்துக்கொண்டு சுரப்பியை எறிந்துவிடுவார்கள். தசையில் உலோகம் மிகக் குறைவு. நாம் ஆழியையும் மட்டியையும் முழுசாகத் தின்கிறோம். அது சின்ன உயிர், சுரப்பியைப் பிரித்தெடுப்பது நடக்கிற காரியம் இல்லை.

எண்ணெய்க்கும் இதே நிலைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது உங்களுக்கே தெரியும். கச்சா எண்ணெயிலும் நிலக்கரிக் கரியிலும் பல வளையங்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன, சிலது புற்றுநோய் தரக்கூடியவை. மீனின் ஈரல் அவற்றை உடைத்துப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். ஆழியிடம் அந்த நொதிகள் மிகவும் பலவீனம், அதனால் சதையிலேயே தங்கிவிடும். எண்ணெய் கொட்டிய இடங்களில் பெரும்பாலும் மீனைவிட ஓடுள்ளவற்றுக்குத்தான் தடை நீளும். ஒரு நல்ல செய்தி, சுத்தமான தண்ணீர் திரும்ப வந்தால் இந்த எண்ணெய்ப் பொருட்கள் சில வாரங்களில் கணிசமாகக் குறைந்துவிடும். உலோகத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதுவும் அடிச்சேற்றிலேயே அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கும் ஆற்றில் தண்ணீர் தெளிந்தாலும் சேறு கொடுத்துக்கொண்டே இருக்கும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், நிக்கல், காட்மியம் எல்லாமே உண்டு.

கொதிக்கவைப்பது பற்றி: உலோகம் ஒரு தனிமம், அடுப்புச் சூட்டில் அழியாது. வேகும்போது சதை சுருங்கித் தண்ணீர் இறங்குவதால் ஒரு கிராமுக்கு உள்ள அளவு கூடத்தான் செய்யும். கொஞ்சம் குழம்பில் இறங்கும், அந்தக் குழம்பைத்தான் நாம் சோற்றில் ஊற்றிப் பிசைகிறோம்.

இப்போது அக்காவின் விஷயம். இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். உடம்பில் இரும்பு குறைவாக இருக்கும் பெண்களின் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இரும்பை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாகக் காட்மியமும் நுழைகிறது. உடம்பு இரும்புக்கு ஏங்கும்போது அந்த வாசல் அகலத் திறந்திருக்கும். அதாவது இரும்புச்சத்துக்காக யார் ஆழி சாப்பிடுகிறார்களோ அவர்களுக்குத்தான் காட்மியம் அதிகம் ஏறும். ஏறியது சிறுநீரகத்தில் 10 முதல் 30 வருஷம் தங்கும். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கே போகும். ஈயத்துக்கு இது வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஈயத்துக்கு முன்பு வைத்திருந்த வாராந்தர அளவை 2010 இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாமாவுக்கு இதுதான் பதில். சின்ன வயதில் அவர் தின்ற ஆறு வேறு. அதோடு இந்தச் சேதம் வாந்தி பேதியாக அன்றைக்கே தெரிவதில்லை.

மீன் சாப்பிடட்டும், நன்றாகவே சாப்பிடட்டும். நெத்திலி, சாளை, காரப்பொடி மாதிரி சின்ன மீன்களுக்கு வயது குறைவு, சேர்வதும் குறைவு. பெரிய சுறா, வாள்மீன் வேண்டாம், அதில் பாதரசம். பாதரசம் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானது. ஒன்றை ஒன்று தின்னத் தின்ன ஏறிக்கொண்டே போகும். ஆழி பாசி தின்பதால் அதில் பாதரசம் பொதுவாகக் குறைவுதான். ஆலை நேரடியாகக் கொட்டிய இடம் என்றால் கதை வேறு. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் மெத்தில் பாதரசம் கலந்தபோது மீனோடு சிப்பியும் விஷமானது. 1956 இல் அந்த நோய் முறைப்படி பதிவானது.

இரும்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள். டீயோடு மட்டும் போட வேண்டாம்.

முகத்துவாரத்தான்:

அந்த அக்கா சொன்னதில் நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்துப் பேச்சும் இங்கே இருக்கட்டும்.

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம்தான் நான் பிறந்து வளர்ந்தது. என் அப்பா காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை போட்ட இடத்தில் இப்போது முழங்கால்தான் நனைகிறது. கால் வைத்தால் சேறு இல்லை, சாம்பல் வழுக்குகிறது. சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் ஓடியது ஒரு நாள் இரண்டு நாள் கதை இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறோம். புயலுக்கு அப்புறம் எண்ணெய் வந்தபோது அலையாத்தி மரங்களின் வேர் வரைக்கும் கறுத்துப் போனது. எங்கள் ஆட்கள் பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். என் படகும் வலையும் அன்றைக்கு நாசமானவைதான். அந்த நாளிலிருந்து ஆழ்கடலில் பிடித்த மீனைக் கொண்டு போனால்கூட, எண்ணூரா என்று கேட்டுவிட்டு நகர்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது போதாது என்று காக்கா ஆழி வேறு. எங்கோ தென் அமெரிக்கப் பக்கத்து இனம், கப்பல் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். ஆற்றின் அடித்தரை முழுக்க ஒட்டிப் படர்ந்துவிட்டது. இறால் புதையத் தரை இல்லை. மஞ்சள் ஆழியும் பச்சை ஆழியும் அதனடியில் மூச்சு முட்டிச் சாகின்றன. கையால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு விரலெல்லாம் கீறல்.

உங்கள் தெருவுக்கு வருகிற ஆயா அப்படித் தடவி எடுப்பவர்களில் ஒருவராக இருப்பார். விற்றது போக மிச்சத்தை அவர் வீட்டில்தான் சமைப்பார். அவர் பேரப்பிள்ளைகள் தினமும் தின்பதும் அதுதான். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் உங்கள் வீடு தப்பித்துவிடும், அவர் வீட்டுக்கு என்ன வழி? அக்கா, நீங்கள் சோதிக்கிற ஆள். எந்த இடத்தில் எடுத்தால் பரவாயில்லை, எது கூடாது என்று எங்களுக்குச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? எண்ணூர் என்று மொத்தமாக ஒரு பெயரைக் கெடுத்துவிட்டுப் போவது எங்களுக்கு இன்னொரு அடி.

ஆய்வகத்து அக்கா:

அண்ணே, நீங்கள் எழுதியது நெஞ்சில் தைத்தது. இதை நான் வேலை செய்யும் இடத்திலேயே பல முறை கேட்டிருக்கிறேன்: நாம் சோதிக்கும் சரக்கெல்லாம் கப்பல் ஏறுகிறதே, உள்ளூர்ச் சந்தைக்குப் போவதை யார் சோதிக்கிறார்கள்? ஐரோப்பாவில் சாப்பிடப்போகும் ஒருவருக்காக ஒரு கிராம் சதையில் கோடியில் ஒரு பங்கு வரை அளக்கிறோம். எண்ணூரில் கூடையில் இருந்து வாங்கும் கர்ப்பிணிக்காக யாரும் ஒரு மாதிரியை எங்கள் மேசைக்குக் கொண்டு வந்ததில்லை. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு.

செய்ய முடியாத காரியமும் இல்லை. கடலின் நிலையை அறியச் சிப்பியையே அளவுகோலாக வைக்கலாம் என்று எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1975 இல் எழுதினார். தண்ணீரை மொண்டு சோதித்தால் அந்த நிமிடத்துத் தண்ணீர்தான் தெரியும். ராத்திரியில் திறந்துவிட்டுக் காலையில் மூடிவிட்டால் பிடிபடாது. ஆழி அங்கேயே கிடப்பதால் அதன் சதையில் கடந்த பல மாதங்களின் கணக்கு இருக்கும். 1986 முதல் அமெரிக்கா தன் கரை முழுக்க இதை முறையாகச் செய்து வருகிறது. ஆசியக் கரைகளுக்கு நம் பச்சை ஆழியைத்தான் இதற்குத் தேர்ந்தெடுத்தார்கள், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வு நடந்தது. நீங்கள் கேட்கிற, இந்த இடம் சரி, அந்த இடம் கூடாது என்ற வரைபடம் இப்படித்தான் வரும். ஐரோப்பாவில் சிப்பி எடுக்கும் ஒவ்வொரு பகுதியையும் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். சோதனையில் அளவு கூடினால் அந்தப் பகுதியை மூடி அறிவிப்பு வரும். வாங்குபவர் யோசித்து யோசித்துப் பயப்பட வேண்டியதில்லை, ஒரு இடம் கெட்டதற்காகப் பக்கத்து இடத்துச் சரக்கு விற்காமல் போவதும் குறையும்.

ஆறு திரும்புமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. பிரான்சில் அர்க்காஷோன் என்று ஒரு விரிகுடா. தலைமுறை தலைமுறையாகச் சிப்பி வளர்க்கும் ஊர். 1977 முதல் 1981 வரை அங்கே சிப்பிக் குஞ்சுகள் ஏறக்குறைய ஒட்டவே இல்லை. பிழைத்த சிப்பிகளின் ஓடு தடித்து உருண்டு, உள்ளே அடுக்கடுக்காக அறை விழுந்து, விற்க முடியாமல் போனது. தேடிப் பார்த்ததில் காரணம் உல்லாசப் படகுகளின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் டிரைபியூட்டைல்டின் கலந்த வண்ணம். ஒரு லிட்டர் தண்ணீரில் நானோகிராம் கணக்கில் இருந்தாலே போதும், சிப்பி கெட்டுவிடுகிறது. 1982 ஜனவரியில் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அந்த வண்ணத்தைத் தடை செய்தது. அடுத்த சில வருஷங்களில் குஞ்சு ஒட்ட ஆரம்பித்தது, ஓடும் சரியானது. அதற்கப்புறம் உலகக் கப்பல்களுக்கே தடை வந்து 2008 இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே யாரும் சிப்பி வளர்ப்பவனிடம், நீ நன்றாகக் கழுவி விற்கவில்லை என்று சொல்லவில்லை. வண்ணத்தை நிறுத்தினார்கள். எண்ணூரிலும் சாம்பலையும் எண்ணெயையும் நிறுத்தி, படிந்த சாம்பலை அள்ளுவதுதான் வேலை. அந்த வேலையை ஆயாவின் தலையிலும் தம்பியின் அம்மா தலையிலும் கட்டக் கூடாது.

குளச்சல்காரன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் குளச்சல். எங்களுக்குச் சிப்பி இல்லாமல் சீசன் போகாது, கடலில் முங்கிப் பாறையில் இருந்து கொத்தி எடுப்பது. எங்கள் பக்கம் பெரிய ஆலை ஒன்றும் இல்லை. ஆனால் சின்ன வயதில் சிப்பி சாப்பிட்டு ஆட்கள் செத்ததாக வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுவும் இந்த உலோகத்தால்தானா?

தேரடித்தம்பி:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் அந்த வாசல் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்றைக்குச் சாளை வாங்கியிருக்கிறார். ஆயாவிடம் இனி ஆழிக்குப் பதில் நெத்திலியோ வேறு எதுவோ கொண்டு வரச் சொல்லலாம் என்று நினைக்கிறோம், முகத்துவார அண்ணன் சொன்னதைப் படித்ததும் அவரை அப்படியே விட மனசு வரவில்லை.

ஒரு சந்தேகம் அக்கா. இணையத்தில் தேடினால் ஒவ்வொரு ஆய்விலும் ஒரு அளவு வருகிறது. சிலவற்றில் வரம்பைவிடப் பல மடங்கு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. எதை நம்புவது?

ஆய்வகத்து அக்கா:

தம்பி, நல்ல கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது உலர் எடையா ஈர எடையா என்பது. ஆழிச் சதையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். ஆய்வாளர்கள் பெரும்பாலும் உலர்த்திய சதைக்குத்தான் அளவு கொடுப்பார்கள். சட்ட வரம்பு நாம் வாங்கும் ஈரச் சதைக்கு. இரண்டுக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். உலர் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் ஈர எடையில் சுமார் 1. பத்திரிகைகளில் இதைக் கவனிக்காமல் நேராக வரம்போடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். அப்புறம் பருவம். முட்டையிட்டு முடித்த ஆழி இளைத்துவிடும், உலோகம் அப்படியே இருக்கும், அதனால் கிராமுக்கு அளவு ஏறித் தெரியும். எந்த இனம் என்பதும் முக்கியம். துத்தநாகத்தைப் பச்சை ஆழி ஓரளவு தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், பாறைச் சிப்பி (ஆய்ஸ்டர்) சேர்த்துக்கொண்டே போகும். தாமிரமும் அதில் அப்படியே. தைவானில் எர்ரென் ஆற்று முகத்துவாரத்தில் 1986 இல் சிப்பிச் சதையே பச்சையாக மாறியது, பழைய உலோகக் கழிவை உரித்தெடுத்த பட்டறைகளின் தாமிரம்தான் காரணம்.

வரம்புக்குள் இருந்தால் கவலையில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காட்மியத்துக்கு ஐரோப்பிய வரம்பு ஈரச் சதையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். கோடெக்ஸ் என்கிற பன்னாட்டு உணவு நெறிமுறையில் பாறைச் சிப்பியும் விசிறிச் சிப்பியும் நீங்கலாக மற்ற கடல் இருவோட்டு உயிர்களுக்கு 2. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் வரைதான் தாங்கலாம் என்கிறது. 60 கிலோ பெண்ணுக்கு வாரம் 150 மைக்ரோகிராம். சரியாக 1 மில்லிகிராம் உள்ள ஆழி என்றால் 150 கிராம் சதையிலேயே அது முடிந்துவிடும். ஒரு வேளைத் தொக்கு அவ்வளவு வரும். அம்மா வாரம் இரண்டு முறை செய்தார். அரிசியிலும் கீரையிலும் வருவது தனி. எப்போதாவது ஒரு முறை சாப்பிடும் ஆளுக்கும், சத்துக்காக என்று வாரா வாரம் சாப்பிடும் கர்ப்பிணிக்கும் ஒரே பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

குளச்சல் தம்பிக்கு: நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக 1997 செப்டம்பரில் கேரளாவில் விழிஞ்ஞம் பூவார் பக்கம் நடந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அது உலோகம் இல்லை. கடலில் சில நேரம் பெருகும் ஒருவகை நுண்பாசியின் நச்சு சிப்பியில் சேர்ந்து வருவது. அதுவும் கொதிக்கவைத்தால் போகாது, ஆனால் உடனே காட்டிவிடும்: சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் கை கால், அப்புறம் மூச்சு. அப்படி ஆரம்பித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மூச்சுக் கருவி வைத்துக் காப்பாற்றிவிடலாம். கடல் நிறம் மாறியிருக்கும் நாட்களில் சிப்பி எடுக்காதீர்கள். நிறம் மாறாமலும் நச்சு இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். திறந்த கடல் பாறையில் எடுப்பதில் ஆலைக் கழிவுப் பயம் உங்களுக்குக் குறைவு. துறைமுகச் சுவரிலும் படகு நிற்கும் இடத்துத் தூண்களிலும் ஒட்டியதை மட்டும் விட்டுவிடுங்கள். படகு வண்ணம், டீசல் எல்லாம் அங்கேதான்.

முகத்துவாரத்தான்:

அக்கா, பிரான்சுக் கதையை இங்கே நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஆழி எடுத்துத் தர நாங்கள் தயார். மாதிரி எடுப்பதென்றால் எப்படி எடுக்க வேண்டும், எவ்வளவு வேண்டும்? பிறகு, நாங்களே எடுத்தது செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ?

ஆய்வகத்து அக்கா:

அதற்காகத்தான் முதலிலிருந்தே முறையாகச் செய்ய வேண்டும் அண்ணே. ஒரு ஆழி போதாது, ஒன்றுக்கொன்று மாறும். ஒரு இடத்துக்கு இருபது முப்பது ஆழியாவது வேண்டும், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கட்டும். முகத்துவாரத்தில் ஒரு இடம், சாம்பல் படிந்த பகுதியில் ஒரு இடம், பழவேற்காடு பக்கமாக மேலே தள்ளி ஒரு இடம் என்று எடுங்கள். மூன்றையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும். மஞ்சள் ஆழியையும் பச்சை ஆழியையும் கலக்காதீர்கள். காக்கா ஆழியைத் தனியாக ஒரு பையில் போடுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்கிறது என்பதால் ஒப்பிட அதுவே வசதியாக இருக்கலாம்.

தகரம், இரும்பு எதிலும் போட வேண்டாம். புது பிளாஸ்டிக் பை, அந்த இடத்துத் தண்ணீரிலேயே வெளிச்சேற்றைக் கழுவி, பையைக் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஓட்டைத் திறக்காதீர்கள், அதை ஆய்வகத்தில் செய்ய வேண்டும். எண்ணெய்க்கும் சேர்த்துச் சோதிப்பதென்றால் அதற்கு ஒரு தனி மாதிரி, பிளாஸ்டிக் படாமல் அலுமினியத் தாளில் சுற்றியது.

எடுக்கும்போதே நேரம், ஓதமா வற்றா, போனில் காட்டும் இடக்குறிப்பு எல்லாம் எழுதி, எடுக்கிற ஆளும் கூட நிற்கிற ஆளும் கையெழுத்துப் போடுங்கள், வீடியோவும் எடுத்துவையுங்கள். செல்லுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே வந்து உங்களோடு படகில் ஏறி எடுப்பது. செலவு கூடும், ஆனால் பின்னால் யாரும் தள்ளிவிட முடியாது. சென்னையில் கடல் உயிரியல் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நான் கேட்டுப் பார்க்கிறேன். அமாவாசை வற்றில் போனால் மூன்று இடத்தையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.